சுங்கை சிப்பூட்டிலிருந்து பினாங்கு: இரண்டு பகல், ஓர் இரவுப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

பேராக்கின் சுங்கை சிப்பூட்டில் உள்ள எங்கள் தாமானிலிருந்தும் (வீடமைப்புப் பகுதி) பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் உறவு, நட்பு என்று ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு பினாங்குக்குப் போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. முதல் தடவை வாடகை வேனில் போனோம். மலை ரயில் ஏறும் கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரத்தில் இரண்டு மணி நேரம் வரிசை. தீவின் நகரமான ஜார்ஜ்டவுனில் வேனை நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றல். கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்தது. இரண்டு நாளில் உருப்படியாகப் பார்த்தது மூன்றே இடம்.

அப்புறம் போன தடவைகளில் இடங்களை நான் மாற்றவில்லை. எது முன்னே, எது பின்னே என்பதை மட்டும் மாற்றினேன். அந்த வரிசைதான் இங்கே. வயதானவர் ஒருவர், பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இளைஞர்கள் மட்டும் போவதாக இருந்தால் இன்னும் இரண்டு இடம் சேர்த்துக்கொள்ளலாம். தைப்பிங், பாரிட் புந்தார் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான், ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் குறையும்.

1. முதலில் தேதி

அறை விலை மலிவாகக் கிடைத்ததென்று தேதியை முடிவு செய்யாதீர்கள். எந்தத் தேதிகள் கூடாது என்பதைப் பார்த்து நாள்காட்டியில் அடித்துவிட்டு, மிச்சத்தில் தேடுங்கள்.

பள்ளி விடுமுறையும், வெள்ளி அல்லது திங்களோடு ஒட்டி வரும் நீண்ட வார இறுதியும் கூடாது. கொடிமலை வரிசை அந்த நாள்களில்தான் பாம்பு போல நீளும். சீனப் பெருநாளின் முதல் சில நாள்களில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடியிருக்கும், மலையிலும் கெக் லோக் சி புத்தர் கோயிலிலும் கால் வைக்க இடம் இருக்காது. தைப்பூசத்துக்குப் போகிறீர்கள் என்றால் தைப்பூசத்துக்காக மட்டும் போங்கள். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள், அறைகள் வெகு முன்பே நிரம்பிவிடும், சுற்றிப் பார்க்கும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை அதிகம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். எந்த மாதமானாலும் மழை பிற்பகலில்தான் கூடுதலாக வரும் என்பதால், திறந்தவெளியில் பார்க்க வேண்டியதைக் காலைக்குத் தள்ளியிருக்கிறேன்.

வாரத்தில் எந்த நாள் என்று கேட்டால், என் தேர்வு ஞாயிறு போய்த் திங்கள் திரும்புவது. சனிக்கிழமைக் கூட்டம் ஊர் திரும்பும் நேரத்தில் நாம் உள்ளே போகிறோம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தேதி முடிவானதும் கொடிமலை ரயில் பராமரிப்புக்காக மூடியிருக்கும் நாளா என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் பாருங்கள். ஆண்டில் சில நாள்கள் அப்படி நிறுத்துவார்கள். இதைப் பார்க்காமல் போய் அடிவாரத்தில் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பியவர்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள்.

2. ரயில் டிக்கெட் முன்னே, அறை பின்னே

பலரும் அறையை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் ரயிலைத் தேடுகிறார்கள். இது தலைகீழ். ஜார்ஜ்டவுனில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. இ.டி.எஸ். என்ற விரைவு மின்சார ரயிலில் எட்டு இருக்கை ஒன்றாகக் கிடைப்பதுதான் கஷ்டம். எல்லா இ.டி.எஸ். ரயிலும் சுங்கை சிப்பூட்டில் நிற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அதனால் போகும் ரயில், திரும்பும் ரயில் இரண்டையும் ரயில் நிறுவனமான கே.டி.எம்.-இன் செயலியில் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். போகும் டிக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டு, திரும்புவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், தீவுக்கு எதிர்க்கரையில் ரயில் போய் நிற்கும் பட்டர்வொர்த்தில் இரவு பஸ்ஸுக்கு அலைய வேண்டியிருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள். ஆகவே, எல்லாருடைய மைகாட், பிள்ளைகளின் மைகிட் படங்களையும் முன்பே வாட்சாப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலி பணம் கட்டச் சொல்லிக் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, "அத்தை நம்பர் என்ன, மாமா நம்பர் என்ன" என்று போன் போட்டுக்கொண்டிருந்தால் பிடித்த இருக்கை கைநழுவிப் போகும்.

காலையில் கிடைக்கும் முதல் ரயிலில் போங்கள். திரும்பும் ரயில் இரண்டாம் நாள் மாலை ஐந்துக்கு மேல் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்புவதாக இருக்கட்டும். சுங்கை சிப்பூட்டிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

அறைக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஊர் நடுவில் உள்ள லெபோ சூலியாவுக்கும் லெபோ பாசாருக்கும் (லெபோ என்றால் தெரு) நடந்து போகும் தூரம். கடலோர ஹோட்டல் படங்களைப் பார்த்து, பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில் அறை எடுத்தால், ஊருக்குள் வரப் போக ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் சாலையிலேயே போய்விடும்.

அப்புறம் இன்னொன்று. ஊர் நடுவில் உள்ள விடுதிகள் பல பழைய கடைவீடுகள். மின்தூக்கி கிடையாது, மரப்படிகள் ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். முட்டி வலி உள்ளவர் கூட வந்தால், கீழ்த்தள அறை வேண்டும் அல்லது மின்தூக்கி வேண்டும் என்று அறை எடுக்கும்போதே கேளுங்கள். ஒரு தடவை எங்கள் பெரியம்மாவை மூன்றாம் மாடிக்கு இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஏற்றினோம். அன்று இரவு சாப்பிடக்கூட அவர் கீழே இறங்கவில்லை.

அறைக் கட்டணத்துக்கு மேல், ஓர் இரவுக்கு அறைக்குச் சில வெள்ளி உள்ளூர்க் கட்டணம் வாங்குவார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று முகப்பில் நின்று சண்டை பிடிக்க வேண்டாம்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

முன்பே காசு போட்டு வைத்துத் தட்டும் டச் என் கோ கார்டு, ஆளுக்கொன்று. இதை அழுத்திச் சொல்கிறேன். ஃபெரியில் ரொக்கம் வாங்குவதில்லை. கையில் ஐம்பது வெள்ளித் தாளை வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றால் கதவு திறக்காது. வீட்டில் இழுப்பறையில் கிடக்கும் பழைய கார்டை எடுத்து வருகிறவர்கள், அதில் காசு இருக்கிறதா, கார்டு இன்னும் செல்லுமா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒரு தடவை எங்கள் கூட்டத்தில் ஆறு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். நடுவில் கதவு, அது போடும் கீக் கீக் சத்தம். ஃபெரி எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

மைகாட், மைகிட் அசல். கொடிமலையில் மலேசியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிட மிக அதிகமான வேறு விலை. அட்டையைக் காட்டினால்தான் நம் விலை. மூத்த குடிமக்களுக்கும் மாணவர்களுக்கும் அதற்கும் குறைவு. தோட்டத்துப் பெரியவர்கள் சிலரிடம் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான் (நிரந்தரவாசிகளுக்கானது) இருக்கிறது. அவர்களுக்கு எந்த விலை என்று கிளம்புவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், முகப்பில் நின்று அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

சில்லறை. ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் ரொக்கமாகக் கொடுத்தால் மீதி கிடைக்காது. ஒரு வெள்ளித் தாள்களும் காசுகளும் தனிப் பையில் இருக்கட்டும்.

பின்பட்டை உள்ள செருப்பு அல்லது சப்பாத்து. ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். நகரத்தில் அஞ்சடி (கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதை) எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. ஒரு கடைக்கு முன்னால் அரை அடி உயரம், அடுத்த கடைக்கு முன்னால் பள்ளம், அதற்கு அடுத்ததில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருப்பார்கள். இறங்கிச் சாலையில் நடந்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். கோயில்களில் கழற்றி மாட்டவும் வசதியாக இருக்க வேண்டும் என்பதால் கயிறு கட்டும் சப்பாத்தும் தோதுப்படாது.

கோயில், மசூதிக்குள் போவதால் முழங்காலுக்குக் கீழே வரும் உடை. ஒரு மெல்லிய துண்டு. குடை. மருந்துகள் சாப்பிடும் நேரப்படி கைப்பையில், பெட்டிக்குள் வேண்டாம்.

4. போகும் வழி: ரயில், அப்புறம் ஃபெரி

"கார் இருக்கும்போது ரயில் எதுக்கு?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். பாலத்தில் நெரிசல், தீவுக்குப் போகும்போது டோல், ஊருக்குள் ஒருவழிச் சாலைகள், நிறுத்த இடமில்லாத தெருக்கள். நீங்கள் பார்க்கப் போகும் நகரப் பகுதியை நடந்தேதான் பார்க்க முடியும் என்பதால், காரைக் கொண்டுபோனால் நாள் முழுக்க அதற்குக் காவல் இருப்பதுதான் வேலை. ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று பழைய ஞாபகத்தில் சொல்பவர்களும் உண்டு. 2021-லிருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, ஆள்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். காரில் வந்தே ஆக வேண்டும் என்றால் பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரல் என்ற போக்குவரத்து மையத்தில் நிறுத்திவிட்டு ஃபெரி ஏறுங்கள்.

நிலையத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். ரயில் வருவதற்குச் சற்று முன்பே கதவை மூடிவிடுவார்கள். டிக்கெட்டின் கியூஆர் படத்தை ஒரே போனில் வைத்திருக்காமல் இரண்டு போன்களில் வைத்திருங்கள். பிள்ளைகள் விளையாடிக் காலியாகும் பேட்டரி எப்போதும் டிக்கெட் இருக்கும் போனில்தான் காலியாகும்.

காலை உணவைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் சாப்பாட்டுக் கடை தேடினால் வெயில் ஏறிவிடும். கமுந்திங் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே போகும், இரண்டு பக்கமும் தண்ணீர். அந்த இரண்டு நிமிடம் பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் கூரை போட்ட நடைபாலம் வழியாக பினாங்கு சென்ட்ரலைக் கடந்து ஃபெரி முனையத்துக்குப் போகலாம். மூட்டையோடு மெதுவாக நடந்தால் பத்து பதினைந்து நிமிடம். கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் பினாங்கு சென்ட்ரலிலேயே போய்விட்டு வரட்டும்.

ஃபெரி கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடும். இப்போது ஓடும் நான்கும் 2023-இல் வந்த புதுக் கப்பல்கள். ஏறியதும் குளிரூட்டிய இருக்கையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் கடலைப் பார்க்காமலே இறங்குவீர்கள்.

5. முதல் நாள் பகல்: மூட்டை, சோறு, தூக்கம்

அறை பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு முன் கிடைக்காது. ஆனாலும் முதலில் விடுதிக்குத்தான் போக வேண்டும். மூட்டையை முகப்பில் வைத்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் "வழியிலேயே நாலு இடம் பார்த்துட்டுப் போயிடுவோமே" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு அஞ்சடியில் கிளம்புவார்கள். அரை மணி நேரத்தில் பெட்டிச் சக்கரம் ஒன்று கழன்று ஓடும்.

ஃபெரி முனையத்துக்குப் பக்கத்திலேயே ஜெட்டி பஸ் நிலையம். அங்கிருந்து நகர நடுவில் உள்ள கொம்தார் கோபுரம் வரை ஊரைச் சுற்றி கேட் (CAT) என்ற இலவச பஸ் ஓடுகிறது. கூட்டமாக இருந்தால் கிரேப் (செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) எடுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் பெரிய வண்டியைத் தேர்ந்தெடுங்கள், சின்ன வண்டியை அழைத்துவிட்டு ஓட்டுநரிடம் "பிள்ளைங்க மடியில உட்காருவாங்க அண்ணே" என்று கெஞ்ச வேண்டாம்.

மதியம் நாசி கண்டார், அதாவது சோற்றோடு பல கறி, குழம்பு. இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் கை நீட்டியதெல்லாம் தட்டில் ஏறும், விலை கடைசியில்தான் தெரியும். கோழி, முட்டை, வெண்டைக்காய் என்றால் பயமில்லை. பெரிய இறால், கணவாய் முட்டை, மீன் தலை இவற்றுக்கு விலை கேட்காமல் தலையாட்டக் கூடாது. ஒரு கடையில் எங்கள் தம்பி ஒருவன் காட்டிய இரண்டு இறாலுக்கு, மற்ற மூன்று பேர் சாப்பிட்டதற்குச் சமமாகப் பணம் போனது. கடைக்காரர் மீது தப்பில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் நாங்கள் கேட்கவும் இல்லை. பெரும்பாலான கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். குழம்பு எல்லாம் கலந்து வேண்டும் என்றால் "குவா சம்போர்", தட்டு மிதக்க வேண்டும் என்றால் "பஞ்சிர்". பிள்ளைகளுக்குக் காரம் தாங்காது என்றால் குழம்பு ஊற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். ஊற்றிய பிறகு திருப்பி எடுக்க வழியில்லை.

சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுங்கள். சிலருக்கு இது பொறுக்காது, காசு கொடுத்து வந்து தூங்குவதா என்பார்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அந்தத் தெருக்களில் நடந்தால் மாலை நடைக்குத் தெம்பு இருக்காது. காலை நாலரைக்கு எழுந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. முதல் நாள் மாலை: ஒரே நடையில் நகரம்

மூன்றரைக்குக் கிளம்புங்கள். எது சீக்கிரம் மூடுகிறதோ அது முதலில், எது இரவில் உயிர் பெறுகிறதோ அது கடைசியில். மாலை நடையை இந்தக் கணக்கில்தான் போட்டிருக்கிறேன்.

முதலில் கூ கோங்சி. சீனக் குல மண்டபம், உள்ளே போகக் கட்டணம் உண்டு, ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். கூரை விளிம்பில் உள்ள சிற்பங்களைப் பார்க்க முற்றத்தின் நடுவில் பின்னோக்கி நின்று அண்ணாந்து பாருங்கள். அருகிலிருந்து பார்த்தால் தூண்கள்தான் தெரியும்.

அங்கிருந்து லெபோ ஆர்மேனியன் இரண்டு நிமிடம். சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் சுவர் ஓவியம் இந்தத் தெருவில்தான். 2012-இல் வரைந்தது, சைக்கிள் மட்டும் நிஜம். படம் எடுக்க வரிசை நிற்கும். பத்து பேருக்கு மேல் நின்றால் விட்டுவிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் எல்லாம் தள்ளிப்போகும்.

பிறகு கப்பித்தான் கெலிங் மசூதி. 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. தொழுகை நேரத்தில் வெளியாட்கள் உள்ளே போக முடியாது. அசர் தொழுகை முடிந்த பிறகு, ஐந்தரை வாக்கில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தப் பக்கமே கூட்டமாக இருக்கும். உடை சரியில்லை என்றால் மேலங்கி தருவார்கள். லெபோ சூலியாவுக்குத் திரும்பினால் நாகூர் தர்கா. சிறியது, தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். மசூதி இருக்கும் பெரிய சாலைக்கே திரும்பி வடக்கே போனால் குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகையில் கண் எரியும் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வையுங்கள்.

ஆறரை மணி அளவில் லெபோ குவீன், மகா மாரியம்மன் கோயில். 1833-இல் கட்டிய இதுதான் பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். பெரும்பாலான கோயில்களைப் போல மதியம் நடை சாத்தி, மாலையில் திறப்பார்கள். முதல் பயணத்தில் நாங்கள் போய் நின்றது பிற்பகல் இரண்டு மணிக்கு.

கோயிலை விட்டு வந்தால் லெபோ பாசார். பழைய ஆட்கள் கடைத்தெரு என்பார்கள். புடவைக் கடை, பாத்திரக் கடை, மாலை கட்டும் இடம் எல்லாம் இங்கே. இரவுச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளலாம், மதியம் நாசி கண்டார் சாப்பிட்டவர்களுக்குத் தோசை போதும். புடவை வாங்குகிறவர்களை ஒரு கடையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள் என்பது வேறு விஷயம். மற்றவர்கள் எங்கே காத்திருப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் லெபோ பந்தாய் வழியாக மணிக்கூண்டு, அதைக் கடந்தால் கோர்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் கடலோரத் திடல். நாள் முழுக்கச் சூடு தாங்கிய உடம்புக்குக் கடற்காற்று. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு கிரேப்பில் திரும்புங்கள். திரும்பியும் நடக்கச் சொன்னால் மறுநாள் உங்களோடு யாரும் பேச மாட்டார்கள்.

திரிஷா (மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி) ஏற விரும்பினால் ஏறும் முன்பே விலை பேசுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எங்கே இறக்கிவிடுவார், மூன்றையும் பேசுங்கள்.

7. இரண்டாம் நாள் காலை: கொடிமலை, ஏழு மணிக்கு

முழுப் பயணத்திலும் நான் விட்டுக்கொடுக்காத ஒரே நேரம் இது. அதிகாலையிலேயே மலை ரயில் ஓடத் தொடங்கிவிடும். ஏழு மணிக்கு ஆயர் ஈத்தாமில் கீழ் நிலையத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம். பதினொரு மணிக்குப் போனால் சுற்றுலாப் பஸ்கள் இறக்கிவிட்ட கூட்டத்துக்குப் பின்னால்தான் உங்கள் இடம்.

இரண்டாவது காரணம் மேகம். காலையில் மேலே நின்றால் ஜார்ஜ்டவுன், கடல், பாலம், அதைத் தாண்டி கெடா மலைகள் வரை தெரியும். நேரம் ஆக ஆக மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். முதல் பயணத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று மேலே போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்டா தம்பி, இந்த வெள்ளைத் துணியைப் பார்க்கவா என்னை இவ்ளோ நேரம் நிக்க வச்ச?"

டிக்கெட்டை முதல் நாள் இரவே இணையத்தில் வாங்கிவிடுங்கள். ஜெட்டியிலிருந்து 204 பஸ் கொம்தார் வழியாக அடிவாரம் வரை போகும், ஆனால் ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் கிரேப்தான் சரி. விடியற்காலையில் சாலை காலியாக இருப்பதால் வண்டி சீக்கிரம் போய்விடும். திரும்பும்போது பஸ் பார்த்துக்கொள்ளலாம்.

ரயிலில் ஏறும்போது, மேலே போக கீழ்ப்பக்கப் பெட்டியின் கடைசிக் கண்ணாடி ஓரம் நில்லுங்கள். தண்டவாளமும் ஊரும் கீழே இறங்கிப்போவது அங்கிருந்துதான் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னால் நிற்பவரின் முதுகுதான். முதியவர்களுக்குச் சில இருக்கைகள் உண்டு, உள்ளே போனதும் அவர்களை உட்கார வைத்துவிடுங்கள். ரயில் செங்குத்தாக ஏறும்போது நிற்கக் கால் வலு வேண்டும்.

மலை உச்சியில் கீழே இருப்பதைவிடச் சில பாகை குளிர் அதிகம். அருளொளி திருமுருகன் கோயில் அங்கேயே இருக்கிறது, முதலில் அங்கே போய்விடுங்கள். குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அது உணவுதான் என்பது அவற்றின் முடிவு. கறிபாப் இருந்த பையை ஒரு குரங்கு என் மகளின் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போய், கூரை மேல் உட்கார்ந்து ஒன்று ஒன்றாகப் பிட்டு, உருளைக்கிழங்கை மட்டும் தின்றுவிட்டு மாவை எங்கள் பக்கம் போட்டது. எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து இழுபட்டியைப் பூட்டுங்கள்.

மரங்களுக்கிடையே தொங்கு பாலம் உள்ள காட்டுப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம், குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்தால் கனமாக இருக்கும். நடக்க முடிந்தவர்கள் மட்டும் போய்வந்து, மற்றவர்கள் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கலாம். பத்து மணிக்கு இறங்கும் ரயிலில் ஏறிவிடுங்கள்.

8. அடுத்து கெக் லோக் சி, அதே பக்கம்

கொடிமலை அடிவாரமும் கெக் லோக் சியும் இரண்டுமே ஆயர் ஈத்தாமில், வண்டியில் சில நிமிடம். இவற்றை வேறு வேறு நாளில் வைத்தால் அதே சாலையில் நாலு தடவை போய்வர வேண்டும். பலர் செய்வது அதைத்தான்.

கீழிருந்து கடைகளுக்கு நடுவே போகும் படிக்கட்டு வழி நெருக்கமாகவும் சூடாகவும் இருக்கும். வயதானவர்கள் இருந்தால் வண்டியை மேல் நுழைவாயில் வரை போகச் சொல்லுங்கள். 30.2 மீட்டர் உயரமுள்ள வெண்கலக் குவான் யின் சிலை இன்னும் மேலே இருக்கிறது. அதற்குச் சாய்வு மின்தூக்கி உண்டு, சிறு கட்டணம். ஒரு மணி நேரம் போதும். இறங்கிய பிறகு ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் லக்சா. அது மீன் குழம்பு, புளிப்பு. தேங்காய்ப் பால் லக்சாவை எதிர்பார்த்துப் போனவர்கள் முகம் சுளிப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது என்பதைச் சொல்லிவிடுங்கள், மேலே பார்த்தால் மீன் தெரியாது.

9. தண்ணீர்மலையா, கடற்கரையா: ஒன்றைத்தான் சேர்க்க முடியும்

கொடிமலைக்குப் பதிலாக இந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கூடுதலாகச் சேர்த்தால் ரயில் போய்விடும். இன்னோர் இரவு தங்க முடிந்தவர்களுக்குக் கவலையில்லை.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். வெயிலில் ஏறக்கூடாது, கல் சுடும். இதை எடுத்துக்கொண்டால் விடியற்காலையில் இங்கே வந்துவிட்டு, அப்படியே பக்கத்தில் உள்ள தாவரவியல் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், அனுமதி இலவசம். ஜெட்டியிலிருந்து 10-ஆம் எண் பஸ் பூங்கா வரை போகும். அப்படிச் செய்தால் கொடிமலையை விட்டுவிட வேண்டும். இரண்டும் காலை வேலை.

கடற்கரை என்றால் பிள்ளைகள் முகம் மலரும். பத்து ஃபெரிங்கிக்கு 101 பஸ் போகிறது, வளைந்து வளைந்து போகும் சாலை. வாந்தி வரும் பிள்ளைக்கு முன்கூட்டியே மருந்து. தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று கனவு காண வேண்டாம், மணலும் காற்றும்தான் அங்கே சுகம். சொறிமீன் உண்டு, கொட்டினால் சாதாரணமாகப் போகாது. அங்குள்ள ஆட்களிடம் அன்றைய நிலவரம் கேட்டுவிட்டுத் தண்ணீரில் கால் வையுங்கள். அரை நாள் இதற்கே போய்விடும். என்னைக் கேட்டால், கடலைத் திடலிலும் ஃபெரியிலும் பார்த்தாயிற்று. மலையை விட்டுவிட்டு மணலுக்குப் போக மாட்டேன்.

10. திரும்புதல்

மதியம் ஒன்றரைக்குள் விடுதிக்கு வந்து மூட்டையை எடுங்கள். அறையைக் காலையிலேயே காலி செய்து, மூட்டையை முகப்பில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போயிருக்க வேண்டும். ஆறு மணிக்கே கிளம்புவதால் முதல் நாள் இரவே பெட்டி கட்டிவிடுங்கள்.

வாங்க வேண்டியதை இப்போது வாங்குங்கள், முதல் நாளில்லை. தாவ் சார் பியா (பயறு பூரணம் வைத்த பிஸ்கட்), ஜாதிக்காய் ஊறல் எல்லாம் முதல் நாளே வாங்கினால் இரண்டு நாளும் சுமக்க வேண்டும், பிள்ளைகள் இரவோடு இரவாகப் பாதியைத் தின்றும் விடுவார்கள். சாறோடு இருக்கும் ஊறலுக்குப் பதில் காய்ந்ததை வாங்குவது நல்லது.

ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஜார்ஜ்டவுன் ஜெட்டியில் இருக்க வேண்டும். ஃபெரிக்குக் காத்திருக்க இருபது முப்பது நிமிடம், கடக்கக் கால் மணி, நடைபாலம் கால் மணி, மிச்சம் கழிவறைக்கும் யாராவது எதையாவது மறந்துவிட்டு ஓடுவதற்கும். வேலை முடிந்து போகும் மோட்டார் சைக்கிள் கூட்டம் மாலையில் ஃபெரியில் நிறைய ஏறும்.

அதற்கும் முன்னால் நேரம் மிஞ்சினால் ஜெட்டிக்கு நடக்கும் தூரத்தில் சியூ ஜெட்டி. கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய சீனக் குடியிருப்பு. இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்திலும் பார்க்கலாம், முக்கால் மணியிலும் பார்க்கலாம் என்பதால் மிஞ்சும் நேரத்துக்குத் தோதானது. ஆள்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. வாசலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டாம். பலகைகளுக்கிடையே சந்து உண்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போனை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரயில் ஏறியதும் முதல் வேலையாக ஊரில் யாருக்காவது போன் போட்டு, எத்தனை மணிக்கு நிலையத்துக்கு வண்டி கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இருட்டிய பிறகு சுங்கை சிப்பூட் நிலையத்தில் கிரேப் பிடிப்பது பினாங்கு மாதிரி இருக்காது, தோட்டத்துக்குள் போக வேண்டும் என்றால் இன்னும் கஷ்டம். கோலகங்சார் வரும்போது தூங்குகிறவர்களை எழுப்பத் தொடங்குங்கள். அடுத்து நம்ம ஊர்தான், ரயில் அதிக நேரம் நிற்காது, எட்டுப் பேரும் பன்னிரண்டு மூட்டையும் ஒரே கதவில் இறங்க வேண்டும்.